காணி வித்த கதையும் ஒரு காப்புறுதி அட்டையும்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துச் சிநேகிதி ஒருத்தியின் வட்ஸ்அப்புக்கு நியூ ஜேர்சியில் இருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பேசியது அவளின் பெரியம்மா. "பிள்ளை, எனக்கு வாற மாசம் அறுபத்தைஞ்சு. மெடிகெயார் கார்ட் தபாலில வந்திட்டுது. இனி வருத்தம் எண்டாப் பயமில்லை." குரலில் அப்பிடியொரு துள்ளல். வயது போவதை எண்ணி ஒரு மனுசி இவ்வளவு சந்தோஷப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. எங்கட வீட்டு அம்மம்மாமாரிடம் வயசைக் கேட்டாலே கதையை மாத்திவிடுவினம்.

அதே வீட்டுக்கு இன்னொரு கதையும் இருக்கு. 2009இல் பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்துநாலு வயது. ஒரு பக்கம் கையும் காலும் வழங்காமல் போனது, வேலை போனது, வேலையோடு இருந்த மருத்துவக் காப்புறுதியும் போனது. பெரியம்மா வேலை செய்த கடையில் காப்புறுதி இல்லை. ஆனால் அவவின் சம்பளம், வறியவர்களுக்கான அரச உதவி கிடைக்காத அளவுக்குக் கொஞ்சம் கூட. அந்த இரண்டரை வருசத்துக்குள் ஊரில் இருந்த ஆறு பரப்புக் காணி விற்கப்பட்டது. சின்ன வயதில் எங்கள் சிநேகிதிக்குத் தெரிந்ததெல்லாம், "பெரியப்பான்ர வருத்தத்துக்குக் காணி வித்தது" என்ற ஒரு வசனம் மட்டும்தான். ஏன் இரண்டரை வருசம், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

குரல்பதிவைக் கேட்ட பிறகு நாங்கள் இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். பொருளியல் படிக்கிற ஒருவர், வரலாறு படிக்கிற இருவர், மிச்சம் பேர் சும்மா வம்புக்கு வந்தவர்கள். வாசிக்க வாசிக்கத் தெரிந்தது இதுதான்: அந்தக் காணி விற்கப்பட்டதற்கு ஒரு காரணம், 1972இல் வொஷிங்டனில் எழுதப்பட்ட ஒரு எண்.

முதலில் ஒரு சின்ன விளக்கம், ஏனெண்டால் "அரச மருத்துவக் காப்புறுதி" என்ற சொல்லே எங்களுக்குக் கொஞ்சம் அந்நியம். எங்களுக்கு வருத்தம் வந்தால் பெரியாஸ்பத்திரி. வரிசை நீளம், மருந்து இல்லாவிட்டால் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள், சில சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குறை சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. ஆனாலும் வாசலில் வயதைக் கேட்பது துண்டில் எழுதுவதற்காக மட்டும்தான். "எத்தனை வருசம் வேலை செய்தனீர்?" என்று கேட்டுவிட்டு உள்ளே விடுவதில்லை. அமெரிக்காவில் அப்படி எல்லோருக்குமான ஏற்பாடு இல்லை. அங்கே பெரும்பாலானவர்களுக்குக் காப்புறுதி வருவது வேலை செய்யும் இடத்தில் இருந்து. மெடிகெயார் என்பது அரசாங்கம் நடத்தும் காப்புறுதி. அது 65 வயதானவர்களுக்கும், அதற்குக் குறைந்த வயதில் நீண்டகால இயலாமைக்கு உள்ளானவர்களுக்கும், சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களுக்கும் உரியது. ஆறரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள், அதாவது எங்கட நாட்டுச் சனத்தொகைபோல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவர்களில் பத்தில் ஒருவர் அளவில் 65க்குக் குறைந்த வயதுடையவர்கள்.

எல்லோருக்கும் இல்லாமல் ஏன் இவர்களுக்கு மட்டும்? இந்தக் கேள்விக்கு மருத்துவப் பதில் எதுவும் கிடையாது. பதில் முழுக்க அரசியல் வரலாறுதான்.

ஜேர்மனியில் பிஸ்மார்க் 1883இலேயே தொழிலாளருக்கான நோய்க் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார். அமெரிக்காவில் 1912 தேர்தலில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி இதைப் போன்ற ஒன்றை வாக்குறுதியாக வைத்தது, அவர் தோற்றார். 1935இல் பிராங்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது முதியோர் ஓய்வூதியம் உள்ளே வந்தது, மருத்துவக் காப்புறுதி வெளியே விடப்பட்டது. அதையும் சேர்த்தால் வைத்தியர்களின் எதிர்ப்பில் முழுச் சட்டமுமே கவிழ்ந்துவிடும் என்ற பயம். 65 என்ற எண்ணும் அந்தச் சட்டத்தில் இருந்துதான் வந்தது. பிஸ்மார்க்கிடம் இருந்து கடன் வாங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை, ஜேர்மனியில் ஓய்வூதிய வயது முதலில் 70 ஆகத்தான் இருந்தது. அந்நேரம் அமெரிக்க மாநிலங்களில் இருந்த ஓய்வூதியத் திட்டங்களில் ஏறக்குறையப் பாதி 65ஐப் பாவித்தன, ரயில்வே ஓய்வூதியமும் 65தான், கணக்குப் பார்த்தவர்களுக்கும் அது கட்டுப்படியானது. அவ்வளவுதான். அறுபத்தைந்தாம் பிறந்தநாளில் உடம்புக்குள் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை.

இரண்டாம் உலகப்போர் காலத்தில் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆட்களைப் பிடித்துவைக்க முதலாளிமார், சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்புறுதியைக் கொடுத்தார்கள், ஏனென்றால் அது கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை. பிறகு வரிச் சலுகையும் சேர, அதுவே நாட்டின் வழமையாகிவிட்டது. இதில் வெளியே நின்றது யார்? வேலையில் இல்லாதவர்கள். முக்கியமாக, ஓய்வுபெற்ற கிழவனும் கிழவியும், வேலை செய்ய முடியாத உடம்புள்ளவர்களும். கம்பனிகளுக்கோ அவர்கள் வேண்டாத சரக்கு: வருத்தம் கூட, வருமானம் குறைவு. 1960களின் தொடக்கத்தில் முதியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்புறுதி இருக்கவில்லை.

1945 நவம்பரில் ஜனாதிபதி ஹரி ட்ரூமன், வயது வேறுபாடின்றி எல்லோருக்குமான தேசிய மருத்துவக் காப்புறுதியைக் கொங்கிரஸிடம் கேட்டார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் "சோஷலிச வைத்தியம்" என்றது. பனிப்போர் தொடங்கிய நாட்களில் அந்தச் சொல் ஒன்றே போதும். 1949இல் சங்கம் ஒரு தொழில்முறைப் பிரசார நிறுவனத்தை அமர்த்தி, வைத்தியர்களின் காத்திருப்பு அறைகளுக்குள்ளேயே துண்டுப்பிரசுரங்களை அடுக்கியது. நோயாளி தன் முறை வரும்வரை அதை வாசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்! ட்ரூமனின் திட்டம் செத்தது.

இங்கேதான் கதையின் திருப்பம். 1951இல் ட்ரூமனின் அதிகாரிகள், முக்கியமாக ஒஸ்கார் யூயிங், வில்பர் கோஹன் போன்றவர்கள், இறங்கிவந்து வேறு கணக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் கேட்டால் கிடைக்காது. யாருக்குக் கேட்டால் மறுப்பது வெட்கமாக இருக்கும்? வயதானவர்களுக்கு. அவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்ல முடியாது, ஏற்கெனவே வேலை செய்து முடித்தவர்கள். அதுவும் ஆஸ்பத்திரிச் செலவு மட்டும், அதுவும் 60 நாளுக்கு மட்டும். முதலில் கதவில் காலை வைப்போம், மற்றவர்கள் பிறகு வரட்டும் என்பதுதான் யோசனை. அந்த "பிறகு" எழுபது வருசம் தாண்டியும் முழுதாக வரவில்லை. நாங்கள் அவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் நின்றால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் இரக்கத்துக்குரியவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு தொடங்கிய ஒரு திட்டத்தில், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் தாங்களும் இரக்கத்துக்குரியவர்கள்தான் என்று நிரூபிக்கவேண்டி வந்தது.

1961இல் மருத்துவச் சங்கம் இன்னொரு உத்தி எடுத்தது. ஒரு இசைத்தட்டை வெளியிட்டு, வைத்தியர்களின் மனைவிமார் அயலட்டையைக் கோப்பிக்குக் கூப்பிட்டு அதைப் போட்டுக்காட்டவேண்டும் என்றது. தட்டில் பேசியவர் ரொனால்ட் ரீகன் என்ற நடிகர். 1962 மே 20இல் ஜனாதிபதி கென்னடி நியூயோர்க் மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் பெருந்திரளான முதியவர்கள் முன் பேசினார். சங்கம் அதே அரங்கை எடுத்து, வெறும் கதிரைகளுக்கு முன்னால் தன் வைத்தியர் ஒருவரைப் பேசவைத்துத் தொலைக்காட்சியில் காட்டியது. எங்களில் ஒருவருக்கு இந்த இடம் நல்லாப் பிடித்துப்போனது; ஆளில்லாத மண்டபத்தின் படம் ஒன்றை இன்னும் ஃபோனில் வைத்திருக்கிறான். வென்றது வெறும் கதிரைதான்: அந்த ஜூலையில் செனற் சபையில் 52க்கு 48 என்ற கணக்கில் சட்டமூலம் ஓரங்கட்டப்பட்டது.

1964 தேர்தலில் லிண்டன் ஜோன்சன் பெருவெற்றி பெற்றதும் கணக்கு மாறியது. இனிச் சட்டம் வரப்போவது நிச்சயம்; எப்படி வரும் என்பதே கேள்வி. மேசையில் மூன்று திட்டங்கள் இருந்தன. அரசாங்கத்தின் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவுக்கானது, சம்பளத்தில் பிடிக்கிற காசில் நடப்பது. குடியரசுக் கட்சியினரின் திட்டம் வைத்தியர் கட்டணத்தையும் உள்ளடக்கியது. விரும்பினவர் சேரலாம், ஒரு பங்கை அவர் கட்ட மீதியை அரசாங்கம் போடும். மருத்துவச் சங்கத்தின் திட்டம் வறியவர்களுக்கு மட்டும் மாநிலங்கள் ஊடாக உதவுவது. ஒன்றை எடுத்தால் மற்றது விழவேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வரிச் சட்டங்களைக் கையாளும் குழுவின் தலைவர் வில்பர் மில்ஸ், ஆர்கன்ஸோக்காரர், இவ்வளவு காலமும் இதற்குக் குறுக்கே நின்ற மனிசன், 1965 மார்ச்சில் ஒருநாள் மூடிய அறைக்குள் சொன்னார்: மூன்றையும் சேர்த்துவிடுவோமே. "மூன்றடுக்குக் கேக்" என்று அதற்குப் பெயர் வந்தது. முதலாவது மெடிகெயார் பகுதி ஏ, இரண்டாவது பகுதி பி, மூன்றாவது வறியவர்களுக்கான மெடிகெயிட்.

பெரியம்மாவின் அட்டையில் ஏ, பி என்று இரண்டு வரி இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. நோய்க்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, வைத்தியர் அறையில் ஒன்று என்று இரண்டு பெயர் இருப்பதில்லை. இரண்டு கட்சிகளின் இரண்டு திட்டங்களை ஒட்டிய தையல் அது. பத்து வருசம் வேலை செய்து வரி கட்டியிருந்தால் ஏ பகுதிக்கு மாதக் கட்டணம் இல்லை. பி பகுதிக்கு மாதாமாதம் கட்டவேண்டும்: 1966இல் 3 டொலர், 2025இல் 185 டொலர். வயதானவர்களுக்கு மிகத் தேவையான பல், கண்ணாடி, காதுக் கருவி மூன்றும் அப்போதே வெளியே விடப்பட்டன. வீட்டில் சாப்பிடும் மருந்தும் அப்படித்தான்.

1965 ஜூலை 30இல் ஜோன்சன், ட்ரூமனின் சொந்த ஊரான மிசூரி மாநில இன்டிபென்டன்ஸுக்குப் போய், 81 வயது ட்ரூமன் பக்கத்தில் இருக்கச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு. எல்லோருக்கும் கேட்ட மனிதருக்கு, முதியவர் என்ற தகுதியில் அது கிடைத்தது.

அடுத்து நாங்கள் சொல்லப்போவதுதான் இந்த வரலாற்றில் எங்களை மிகவும் பிடித்து உலுக்கிய பகுதி. இதை நாங்கள் ஒரு காப்புறுதிச் சட்டத்தில் எதிர்பார்க்கவே இல்லை.

தென் மாநில ஆஸ்பத்திரிகளில் கறுப்பின மக்களுக்கு வேறு வார்டு இருக்கும், அல்லது இடமே இருக்காது. 1946இல் ஆஸ்பத்திரி கட்ட அரச பணம் கொடுத்த ஹில்–பேர்ட்டன் சட்டம், "பிரித்துவை, ஆனால் சமமாக வை" என்ற ஏற்பாட்டை எழுத்திலேயே அனுமதித்தது. வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோவில் ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் வைத்தியர் இருந்தார். பல் தொற்றோடு காய்ச்சலாக வந்த தன் நோயாளியை, அரச பணம் பெற்ற ஊரின் இரண்டு வெள்ளையர் ஆஸ்பத்திரிகளிலும் அவரால் சேர்க்க முடியவில்லை. கறுப்பின மக்களுக்கான ஆஸ்பத்திரியில் இடத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிம்கின்ஸும் இன்னும் சில வைத்தியர்களும் நோயாளிகளும் 1962இல் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1963 நவம்பரில் மேன்முறையீட்டில் வென்றார்கள். 1964இல் வந்த குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, இனப் பாகுபாடு காட்டும் எந்த நிறுவனத்துக்கும் மத்திய அரசின் பணம் இல்லை என்றது.

சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, வார்டில் நடப்பது வேறு. அது எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இலேயே தீர்ப்பு வந்தது. பத்து வருசம் கழித்தும் தெற்கில் பெரும்பாலான பாடசாலைகள் அசையவில்லை. ஆஸ்பத்திரிகள் மட்டும் ஏன் மாறின? ஏனென்றால் 1966 ஜூலை 1இல் மெடிகெயார் பணம் ஓடத் தொடங்கவிருந்தது, ஒரு ஆஸ்பத்திரியின் படுக்கைகளில் பெருமளவை நிரப்புவது முதியவர்கள்தான். ஜோன்சன் அரசாங்கம் சொன்னது: வார்டுகளைச் சேருங்கள், இல்லையென்றால் பணம் இல்லை.

பார்த்து உறுதிசெய்ய ஆள் இல்லை. அதற்கென்று இருந்த அலுவலகம் புதிது, சிறிது. வேறு திணைக்களங்களில் இருந்து ஊழியர்களை இழுத்து, மருத்துவ மாணவர்களையும் சேர்த்து, சுமார் ஆயிரம் பேரை ஊர் ஊராக அனுப்பினார்கள். சில ஆஸ்பத்திரிகள் படிவத்தில் "ஆம், சேர்த்துவிட்டோம்" என்று எழுதிவிட்டு, பரிசோதகர் வரும் நாளில் மட்டும் நோயாளிகளைக் கலந்து படுக்கவைத்தன. அவர் போனதும் கட்டில்கள் பழையபடி. காட்டிக்கொடுத்தவர்கள் அங்கேயே வேலை செய்த கறுப்பின ஊழியர்கள்: தாதியர், சமையல்காரர், துப்புரவு செய்பவர்கள். யாருக்கும் தெரியாமல் பரிசோதகர்களிடம் உண்மை நிலையைச் சொன்னார்கள். தெரியவந்தால் வேலை மட்டுமில்லை, உயிருக்கும் ஆபத்து. அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை. நான்கு மாதத்துக்குள் ஏறக்குறைய ஆயிரம் ஆஸ்பத்திரிகள் மாறின. ஜூலை 1இல் நாட்டின் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் உள்ளே வந்துவிட்டன. அன்று 1 கோடி 90 இலட்சம் பேர் மெடிகெயாரில் இருந்தார்கள்.

இதை நாங்கள் வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஏ–பி தையல் இங்கேயும் வந்து நிற்கிறது. ஏ பகுதிப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் அரச உதவி, ஆகவே பாகுபாட்டுத் தடை பொருந்தும். பி பகுதிப் பணம் அப்படிப்பட்ட "அரச உதவி" இல்லை என்று அரசாங்கம் பொருள்கொண்டது. அதனால் வைத்தியர்களின் தனி அறைகள் தடைக்கு வெளியே நின்றன. ஆஸ்பத்திரி வார்டு ஒன்றானது. தெருவில் உள்ள டொக்டரின் காத்திருப்பு அறையில் இரண்டு வாசல் இருந்தால் அதைக் கேட்பாரில்லை. இந்தப் பொருள்கோடலை மாற்றும் விதி 2024இல்தான் வந்தது. ஐம்பத்தெட்டு வருசம்.

இன்னொரு விசயம், எங்கட ஆட்களோடு தொடர்புடையது. மெடிகெயார் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் கொடுத்தபோது, அங்கே பயிற்சி பெறும் இளம் வைத்தியர்களின் செலவிலும் ஒரு பங்கைக் கொடுத்தது. வைத்தியர் தேவை எகிறியது. அதே 1965இன் ஒக்டோபரில் வந்த குடிவரவுச் சட்டம் ஆசியர்களுக்குப் பூட்டியிருந்த கதவைத் திறந்தது. இந்தியா, பிலிப்பைன்ஸ், இலங்கை என்று எங்கட பக்கத்து மருத்துவ பீடங்களில் படித்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு இந்த இரண்டு சட்டங்களும் சேர்ந்தே வழி விட்டன. "மூளைசாலிகள் வெளியேற்றம்" என்று ஏ.எல்.லில் கட்டுரை எழுதினோமே, அதன் மறுமுனை இங்கே இருக்கிறது.

இனிப் பெரியப்பாவின் எண்ணுக்கு வருவோம்.

1965 சட்டத்தில் இயலாமை உள்ளவர்கள் இல்லை. வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 1956இலேயே இருந்தது. ஆனால் மருத்துவக் காப்புறுதி இல்லை. முதியவர்களுக்காகப் போட்ட வாதம் எல்லாம் இவர்களுக்கு இன்னும் கூடப் பொருந்தும். அப்படியும் ஏழு வருசம் விடப்பட்டார்கள். செலவு எவ்வளவு வருமென்று தெரியாது, "உண்மையில் இயலாதவர் யார்" என்று எப்படிப் பிரிப்பது என்ற சந்தேகம்.

இதற்கிடையே சிறுநீரகக் கதை. 1960இல் சியாட்டில் நகர வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், கையில் நிரந்தரமாகப் பொருத்தக்கூடிய ஒரு டெஃப்லோன் குழாயைச் செய்தார். அதுவரை சில தடவைகளே செய்யக்கூடியதாக இருந்த டயலிசிஸை வருசக்கணக்கில் செய்யலாம் என்றானது. ஆனால் இயந்திரம் கொஞ்சம், சாகக் கிடப்பவர்கள் நிறைய. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது: ஒரு போதகர், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஒரு குடும்பப் பெண், ஒரு அரச அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். கலியாணமானவரா, எத்தனை பிள்ளை, வேலை என்ன, கோவிலுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962 நவம்பரில் லைஃப் சஞ்சிகையில் ஷானா அலெக்சாண்டர் இதை எழுதியபோது நாடு அதிர்ந்தது. தகுதி பார்த்து உதவுவது என்ற யோசனையின் கடைசி எல்லை எது என்று கேட்டால் நாங்கள் அந்த ஏழு பேரின் மேசையைத்தான் காட்டுவோம்.

1971 நவம்பர் 4இல் ஷெப் கிளேசர் என்ற நோயாளி, வில்பர் மில்ஸின் அதே குழு முன்னால், விசாரணை அறைக்குள்ளேயே இயந்திரத்தில் தன்னைப் பொருத்திக்கொண்டு சாட்சி சொன்னார். அடுத்த வருசம் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, செனற்றர் வான்ஸ் ஹார்ட்கி கொண்டுவந்த திருத்தம் அரைமணி நேரம் போல விவாதிக்கப்பட்டு 52க்கு 3 என்று நிறைவேறியது. 1972 ஒக்டோபர் 30இல் நிக்சன் கையெழுத்திட்டார். சிறுநீரகம் செயலிழந்தால், வயது எதுவானாலும், மெடிகெயார். தொடங்கியபோது சுமார் 10,000 நோயாளிகள். இன்று அமெரிக்காவில் டயலிசிஸ் செய்பவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஒரு உறுப்புக்கு மட்டும் தேசிய காப்புறுதி! கல்லீரல் பழுதானவரும் இருதயம் பழுதானவரும் அந்த அறையில் இயந்திரத்தோடு உட்காரவில்லை, அதனால் அவர்களுக்கு இல்லை.

அதே சட்டத்தில்தான் இயலாமைக் கொடுப்பனவு பெறுபவர்களும் 1973 ஜூலை முதல் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கொடுப்பனவு தொடங்கி 24 மாதம் காத்திருக்கவேண்டும். கொடுப்பனவு தொடங்கவே ஐந்து மாதம். ஆகமொத்தம் 29. கொங்கிரஸ் சொன்ன காரணங்கள் மூன்று: செலவைக் கட்டுப்படுத்துவது, வேலையிட காப்புறுதி இருந்தால் அதோடு மோதாமல் இருப்பது, இயலாமை உண்மையில் நீண்டகாலமானதுதானா என்று பார்ப்பது. மூன்றாவதை நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தோம். வருத்தம் உண்மையா என்று சோதிக்க ஒருவரை இரண்டு வருசம் மருந்து இல்லாமல் விட்டுப் பார்ப்பது. பாரிசவாதத்தில் முதல் சில மாதங்களில் செய்யும் உடற்பயிற்சிச் சிகிச்சைதான் கையைக் காலை மீட்கப் பெரிதும் உதவும் என்று பிசியோதெரபி படிக்கிற எங்கள் தோழர் ஒருவர் சொன்னார். அந்த மாதங்கள்தான் பெரியப்பாவுக்குக் காத்திருப்பு மாதங்கள். 2009இல், பெரும்பாலான மாநிலங்களில் ஏற்கெனவே நோயுள்ளவருக்குத் தனியார் கம்பனிகள் காப்புறுதி மறுக்கலாம்; அதைத் தடுத்த ஒபாமா காலச் சட்டத்தின் ஏற்பாடு 2014இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே காணி.

இந்த 24 மாதத்தில் ஒரு விரிசல் விழுந்தது. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் வந்தவர்களில் பலர் காத்திருக்கும் காலத்திலேயே இறந்துவிடுவதால், அவர்களுக்கு 2001 முதல் விலக்கு. மற்றவர்களுக்கும் நீக்கவேண்டும் என்று சட்டமூலங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, போய்க்கொண்டே இருக்கின்றன.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இசைத்தட்டில் எதிர்த்துப் பேசிய அதே ரீகன் 1988இல், ஜனாதிபதியாக, மெடிகெயாரைப் பெரிதாக விரிக்கும் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். செலவை வசதியான முதியவர்களே கட்டவேண்டும் என்றதும் 1989 ஓகஸ்டில் சிக்காகோவில் முதியவர்கள் அதன் முக்கியத் தலைவர் ஒருவரின் காரை மறித்து நின்று கத்தினார்கள்; அந்த வருசமே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. 2003 சட்டத்தால் 2006 முதல் மருந்துக்குக் காப்புறுதி வந்தது, ஆனால் கம்பனிகளோடு அரசாங்கம் விலை பேசக்கூடாது என்ற தடையோடு. அது 2022இல் ஓரளவுக்குத் தளர்ந்தது. இன்சுலின் மாதம் 35 டொலருக்கு மேல் இல்லை, மருந்துக்கான கைக்காசுக்கும் 2025இல் ஒரு உச்சவரம்பு வந்தது, அந்த வருசம் அது 2,000 டொலர். இன்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியார் கம்பனிகள் நடத்தும் மெடிகெயார் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள். அது வேறொரு கட்டுரைக்கான சண்டை.

இதையெல்லாம் வாசித்து முடித்து, எங்கள் சிநேகிதி ஒரு ஞாயிறு பெரியம்மாவுக்கு அழைப்பு எடுத்தாள். 24 மாதம் எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அதுக்கு முதல் ஒருத்தருக்கும் இல்லையே, எங்களுக்கு ரெண்டு வருசம் கழிச்செண்டாலும் கிடைச்சுது" என்றா பெரியம்மா. நாங்கள் எதிர்பார்த்த கோபம் அதில் இல்லை. பின்னால் இருந்து பெரியப்பா ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் கதைப்பது பெரியம்மாவுக்குத்தான் விளங்கும். பிறகு பெரியம்மா கேட்டா, கீழ்ப் பல்லு ரெண்டு ஆடுதாம், கண்ணாடியும் மாத்தவேணுமாம், கார்டில அது ரெண்டும் இல்லையாம், யாழ்ப்பாணத்தில இப்ப பல் கட்ட எவ்வளவு முடியும் எண்டு விசாரிச்சு வைக்கட்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க செய்துகொண்டு போகலாமாம்.